பக்கத்து இருக்கையின் பிரேக்

"குழாய் போட்டா, திரும்ப எடுக்க முடியாமப் போறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு டாக்டர்?"

மகள் கேட்டபோது மருத்துவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் வேகமாகப் போய் அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் அவரும் நின்றார்.

"நிறைய இருக்கு. உங்கப்பாவோட நுரையீரல்ல மிச்சம் இருக்கறதே கொஞ்சம்தான். ஆனா போடாம விட்டா இந்த மாஸ்க்கை வச்சு ரொம்ப நேரம் ஓட்ட முடியாது. சாயங்காலத்துக்குள்ள யோசிச்சு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் உங்களைக் கேக்கறதுக்கே எனக்கு நேரம் இருக்காது."

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கன்சல்டன்ட்' என்று இருந்தது. அவளுடைய அலுவலக அட்டையிலும் அதே வார்த்தைதான். அவளுக்கு வைத்தியம் தெரியாது. பால் கம்பெனியோ பள்ளிக்கூடமோ, எங்கே சிக்கல் என்றாலும் போய் உட்கார்ந்து, வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாரையும் விசாரித்து, என்னென்ன செய்யலாம் என்று சொல்லிவிட்டு வருவது அவள் வேலை. அதற்குப் படித்தாள், படித்த பிறகு பயிற்சியும் எடுத்தாள். பெரிய பெரிய ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும் அறையில் குரல் உயர்த்தாமல் பேச அங்கே பழக்கிவிட்டிருந்தார்கள்.

அந்தக் குரலைத்தான் காலையிலிருந்து அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

வராந்தா கோடியில் அம்மாவும் அண்ணனும் பெஞ்சில் இருந்தார்கள். அம்மா, அப்பாவின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். அண்ணனால் உட்கார முடியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அப்பா நடத்திவந்த டிரைவிங் ஸ்கூலை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்ததும் ஸ்கூல் காரில்தான். கூரையில் எல் போர்டோடு அது கீழே நின்றது.

"என்ன சொன்னார்?"

அவள் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. குழாய் போட்டால் என்ன ஆகலாம், போடாவிட்டால் என்ன ஆகும், எதில் வலி அதிகம், எதில் பேச முடியாது. நர்சிடம் தனியாகக் கேட்டதையும் சேர்த்துக்கொண்டாள். வரிசையாக, தெளிவாகச் சொன்னாள். அலுவலகமாக இருந்தால் நாலு பேர் தலையாட்டியிருப்பார்கள்.

"இதெல்லாம் அவங்க சொன்னது. நீ என்ன சொல்ற?" என்றான் அண்ணன்.

"ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்கு. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் கடைசி நாள் அவள் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கும் வாக்கியம் அது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். யார் இந்தப் பெண் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"நீங்கன்னா யாரு? நீ யாரு அப்போ?" என்றான் அண்ணன்.

அவளுக்கு முகம் சுட்டது. திரும்பி மறுபடி மருத்துவரிடம் போனாள். அவர் நர்சுகளின் மேசையருகே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் போலிருந்தது.

"உங்க அப்பாவா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒவ்வொருத்தர் நிலைமையும் வேறம்மா. உங்களுக்குத் தேவையான தகவலைக் கொடுக்கறதுதான் என்னோட..."

"டாக்டர், நானும் இந்த மாதிரி வேலைதான் பார்க்கறேன். இந்தப் பதிலை எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எங்க பயிற்சில அதுக்குன்னு அரை நாள் ஒதுக்குவாங்க."

அவர் பேனாவை மூடினார்.

"நான் பெரிய டாக்டர்களுக்குக் கீழ இருந்த வரைக்கும் இந்தக் கேள்வி என்கிட்ட வந்ததில்ல," என்றார் மெதுவாக. "இந்தப் பதவிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல. வாரத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க. படிச்சதுல இதுக்குப் பதில் இல்ல. உங்கப்பா என்ன மாதிரி ஆளு, எதைத் தாங்குவார், எதைத் தாங்க மாட்டார்னு எனக்குத் தெரியாதே. யாருக்குத் தெரியும்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் இன்னும் யாரிடம் பேசவில்லை என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது அவள் வழக்கம். காலையிலிருந்து மருத்துவரிடம் பேசியாகிவிட்டது. நர்சிடம், அம்மாவிடம், அண்ணனிடம், போனில் அத்தையிடம்கூட. அந்தக் கட்டிலில் கிடக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவர் முழிச்சுட்டு இருக்காரா?"

"இப்போ இருக்கார். நல்லா புரிஞ்சுக்கறார். இன்னும் கொஞ்ச நேரம் போனா சொல்ல முடியாது."

அவள் வார்டு கதவை நோக்கி நடந்தாள். அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"எங்க போற?"

"அப்பாகிட்ட கேக்கப் போறேன்."

"என்னன்னு? சாகறீங்களா இல்லையான்னா? உனக்குக் கொஞ்சமாவது ஏதாவது இருக்கா? இது என்ன உன் ஆபீஸா?"

"வழி விடுண்ணா."

"விட மாட்டேன். மனுஷன் பயந்தே போயிடுவார். நாம பேசி முடிவு பண்ணுவோம். அவருக்குத் தெரியவே வேண்டாம்."

அவன் கதவுப் பிடியைப் பற்றியிருந்தான். விரல்கள் வெளுத்திருந்தன. அந்த வழியாகப் போன நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டுத் தயங்கினாள். மகளுக்கு அந்த நிதானமான குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கேக்கட்டும் விடுடா," என்றாள் அம்மா, பெஞ்சிலிருந்து எழாமலே. "சட்டை எடுக்கறதுன்னாக்கூட அவரைக் கேக்காம நான் எடுத்ததில்ல."

அண்ணன் கையை எடுத்தான்.

அப்பா கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். மாஸ்க்குக்குள் ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக வந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதி அந்தப் பாதியைக் கண்டு ஒதுங்கி நடக்கிறது என்று அம்மா கேலி செய்வாள். ஆயுசு முழுக்க ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் வலது காலை வைத்தே பழகிவிட்டவர். பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் அந்தக் கால் தரையை மிதிக்கும். பஸ்ஸில்கூட மிதிப்பார். அவளுக்கு வேலை கிடைத்தபோது, "பக்கத்துல உக்காந்து சொல்ற வேலைதானே? நம்ம வேலைதான். பிரேக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்போ கஷ்டம்தான்," என்று சிரித்தார்.

அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"அப்பா, உங்க மூச்சு விஷயமா டாக்டர்கிட்ட விரிவா பேசினேன். இப்போ ரெண்டு வழி இருக்கு. முதல் வழியில என்னன்னா, கருவி மூலமா சுவாசத்தை..."

போர்வைக்குள் அவர் வலது கால் அசைந்தது. பாதம் கீழ்நோக்கி அழுந்தியது. அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில், வேகம் கூடும்போதெல்லாம் பக்கத்தில் அழுந்திய அதே கால்.

அவள் நிறுத்தினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்டைல குழாய் போட்டு மெஷின்ல வைக்கணும்ங்கறாங்கப்பா. வச்சா பேச முடியாது. திரும்ப எடுக்க முடியுமான்னும் தெரியாது. வைக்கலன்னா..." அதற்கு மேல் வரவில்லை. "வைக்கலன்னா இப்படியே நாங்க பக்கத்துல இருப்போம். வலிக்காம பார்த்துக்குவாங்க."

அவர் மறு கையால் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். நர்ஸ் ஓடி வரப் பார்த்தாள். மகள் கையமர்த்தினாள்.

"நீ என்ன சொல்ற, குட்டி?"

இதற்குத் தப்பிக்கிற வாக்கியம் அவளிடம் இருந்தது. எத்தனையோ அறைகளில் எத்தனையோ பேரிடம் சொன்னது. நாளைக்கு அண்ணன் கேட்டால், ஆயுசு முழுக்க யார் கேட்டாலும், காட்டிவிட்டு நகர்ந்துகொள்ளக் கூடிய வாக்கியம். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்ப்பா," என்றாள்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"எனக்கும் அதான்."

அவரே மாஸ்க்கை மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். போர்வைக்குள் கால் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் அழுதாள். அவர் கட்டை விரலால் அவள் புறங்கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், ஓட்டப் பழகுகிறவர்களுக்குத் தட்டிக்கொடுப்பது போல. பிறகு அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் கால்மாட்டில் நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா, அப்பாவோடுதான் வருவேன் என்று ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிக்கொண்டாள். பையிலிருந்த செருப்பும் அவளோடு போனது. முன்னால் போய் வீட்டைத் திறந்து, கூடத்தை ஒழித்து வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் காரை எடுத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் இருக்கை அது. அவர் அளவுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. காலை நீட்டினால்தான் கீழே இருந்த பிரேக் எட்டியது.

இரண்டு தெரு தாண்டியதும் அவன் கேட்டான்.

"அவரா சொன்னாரா? இல்ல நீ சொன்னியா?"

"என்னைக் கேட்டார். நான் வேண்டாம்னு சொன்னேன்."

"நீ சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். கார் சீறிக்கொண்டு போனது. முன்னால் சிக்னல் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. அவன் பார்ப்பதாகத் தெரியவில்லை. கன்னம் முழுக்க ஈரமாக இருந்தது. குறுக்கே ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

அண்ணன் பக்கத்திலிருந்தவளின் கால் போய்ப் பிரேக்கை மிதித்தது.

கார் கோட்டின் மேல் நின்றது. சைக்கிள்காரி திரும்பிப் பார்த்தாள். கூரையில் இருந்த எல் போர்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அண்ணன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பச்சை விழுந்தது. அவன் நிமிரவில்லை. பின்னால் நாலைந்து வண்டிகள் நின்றன. யாரோ புதிதாகப் பழகுகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

மறுபடி சிவப்பு வந்து, மறுபடி பச்சை விழுந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.