ஐந்து நட்சத்திரமும் நான்கு வரியும்

இருநூற்றுப் பதினொரு பேர் எழுதியவற்றை ஹைமாவதி மூன்று நாளில் படித்து முடித்தாள். பாடநூல் அச்சகமொன்றில் ஒன்பது ஆண்டு பிழை திருத்தியவள் அவள்; எதையும் ஒரே முறை படித்துவிட்டு வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. கைப்பேசியின் சிறு திரையில், கோட்டேஸ்வர ராவ் கடையின் இணையப் பக்கத்தில், ஒரு மடிக்கணினிக்கு அத்தனை பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஏதோ ஒரு பெருநிறுவனம் மூன்றாண்டு உழைக்கவிட்டுக் கழித்துத் தள்ளிய சரக்கு அது. துடைத்து, பழுது பார்த்து, ஆஷாட மாதத் தள்ளுபடியில் பதினாறாயிரத்துக்கு வைத்திருந்தார்கள். புதியதன் விலையை அவள் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை.

இருநூற்றுப் பதினொருவரும் ஐந்து நட்சத்திரம் இட்டிருந்தார்கள். 'நல்ல பொருள்.' 'சூப்பர்.' 'ராவ் காரு தங்கமான மனுஷர்' என்று தெலுங்கு மரியாதைச் சொல்லோடு சிலர். எழுத்துப்பிழைகள் எண்பதுக்குமேல் இருந்தன. குறை என்று ஒன்றுகூட இல்லை.

"இத்தனை பேருமா நல்லதுன்னு சொல்றாங்க?" என்றான் யாதகிரி, கட்டிலில் கிடந்தபடியே. "நம்ம கல்யாணச் சாப்பாட்டையே பாதிப் பேர் குறை சொன்னாங்க."

"அது உங்க சித்தப்பா பிடிச்சிட்டு வந்த சமையல்காரனால. பேசாமப் படுங்க."

யாதகிரி மின்பணியாளன். சித்திரையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்கக் கார்த்திகை ஆகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அச்சகமோ அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அவனைத் தனியே விட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லாத நிலையில்தான் ஹைமாவதிக்கு இந்த வாய்ப்பு வந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் பயிற்சி தொடங்கும், பன்னிரண்டு நாள். கணினி அவரவருடையதாக இருக்கவேண்டும். ஒரே நாளில் இருமுறை, கால்மணி நேரத்துக்குமேல் தொடர்பு அறுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அந்த இடத்துக்குக் காத்திருப்போர் நாற்பது பேர்.

வியாழக்கிழமை முற்பகல் செகந்திராபாத் கணினிச் சந்தையின் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனாள். கோட்டேஸ்வர ராவ் மலர்ந்த முகத்தோடு மடிக்கணினியைத் திறந்து காட்டினார்; மூடினார்; பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்து அதன்மேல் கைவைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு சின்ன வேலைதான் அக்கா. போன எடுத்து நட்சத்திரத்தைப் போட்டுட்டீங்கன்னா வாரண்டிக் கார்டுல முத்திரை குத்திடுவேன்."

"இப்பவா? நான் இன்னும் ஒரு வரிகூட இதுல அடிச்சுப் பாக்கலையே, ராவ் காரு."

"திறந்து காட்டினேனே அக்கா! லைட்டு எரியுது, பட்டன் எல்லாம் அமுங்குது. கம்ப்யூட்டருக்கு வேற என்ன வேணும்?"

"ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்."

"வீட்டுக்குப் போனப்புறம் யாரு அக்கா எழுதறாங்க? என் பொண்டாட்டியே வீட்டுக்குப் போனா போன எடுக்கறதில்ல." அவரே சிரித்துக்கொண்டார். "இந்த மாடி பூரா இதான் வழக்கம். முத்திரை இல்லேன்னா இது வெறும் அட்டை. அப்புறம் ரிப்பேருன்னு வந்தா நான் என்ன செய்யறது, சொல்லுங்க."

அவள் மேசையைப் பார்த்தாள். பச்சை ரெக்சின் விரித்த மேசை. அந்தப் பச்சையை அவள் நன்றாக அறிவாள். மூன்று நாளாகப் பார்த்த படங்களில் மடிக்கணினிகளெல்லாம் அதன்மீதே வீற்றிருந்தன. இருநூற்றுப் பதினொரு சாட்சியமும் இதே இடத்தில், பணம் பெட்டிக்குள் போனபின், கணினி வீட்டை அடையுமுன் எழுதப்பட்டவை. ஒருவர்கூட 'ஒரு மாதம் ஆயிற்று' என்று எழுதவில்லை. எழுதியதைத் திருத்தியே பழகிய கண், எழுதாமல் விட்டதை எங்ஙனம் காணும்?

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்டாலும் வேறெந்தக் கடைக்குப் போவது? இடப்புறக் கடையில் ஒரு கல்லூரிப் பெண் குனிந்து நட்சத்திரம் இட்டுக்கொண்டிருந்தாள். வலப்புறக் கடையில் ஒரு தந்தையும் மகனும்.

ஹைமாவதி ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டாள். ஆனால் 'சூப்பர்' என்று எழுத அவள் விரல் இசையவில்லை. விசைகளை ஒருமுறை அமுக்கிப் பார்த்து, நின்று நிதானித்து, நல்ல தெலுங்கில், நான்கு வரி எழுதினாள். 'வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக வாங்கினேன். எழுத்து விசைகள் விரலுக்கு இதமாக அமுங்குகின்றன. திரை கண்ணை உறுத்தவில்லை. கடைக்காரர் மரியாதையாகப் பேசுகிறார்.' நான்கில் எதுவும் பொய்யில்லை. அதுவே அவளுக்குப் படியிறங்கும்வரை ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, கணினிக்கும் ஒரு பொட்டு வைத்துத் தட்டச்சு செய்ய அமர்ந்தாள். அரைமணியில் அதன் அடிப்பாகம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நாற்பதாம் நிமிடம் திரை அணைந்தது. அழுத்தினாலும் தட்டினாலும் அசையவில்லை. ஆறிக் குளிர்ந்து தானே மனமிரங்கி எழ இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மறுமுறையும் நாற்பது. மூன்றாம் முறையும் நாற்பது.

"சாமியார் மாதிரி நேரம் தவறாம சமாதிக்குப் போகுதே!" என்றான் யாதகிரி.

அவள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடமென்பது கால்மணியைவிட ஏழு நிமிடம் கூடுதல்.

சனிக்கிழமை கடையில் ராவ் முகம் சுளிக்கவில்லை. மறுக்கவுமில்லை. "விட்டுட்டுப் போங்க அக்கா. பத்து நாள்ல பக்காவா பண்ணித் தரேன்."

"திங்கட்கிழமை எனக்கு டிரெயினிங். ஒரு நாள்கூட முடியாது."

அவர் யோசித்தார். பின்பு சுவரைக் காட்டினார். வாரண்டி விதிகளுக்குப் பக்கத்தில் அவளுடைய நான்கு வரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தார். அடியில் அவள் பெயர்.

"நேத்து மட்டும் மூணு பேர் இதப் படிச்சுட்டு வந்தாங்க. மத்தவங்க எழுதினா யாரும் நம்பறதில்ல அக்கா. நீங்க எழுதினா பாடப் புத்தகம் மாதிரி இருக்கு. உங்களுக்காகச் செய்யறேன். நாளைக்குப் புதுச் சரக்கு வருது. பதினோரு மணிக்கு வாங்க, வேற மெஷினே மாத்தித் தந்துடறேன்." குரலைச் சற்றே தாழ்த்தினார். "அந்த நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கட்டும். முத்திரை அதுக்குத்தான குத்தினது?"

தன் வாக்கே தனக்கு வேலியானதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். வேலியைக் கோணலின்றி நட்டவளும் அவளே.

ஞாயிறன்று செகந்திராபாதில் போனாலுத் திருநாள். அம்மனுக்குப் படைக்கும் சோறு நிறைந்த, வேப்பிலை சூடிய போனக் கலயங்களைத் தலையில் ஏந்திப் பெண்கள் மகாங்காளி அம்மன் சந்நிதியை நோக்கி வரிசையாகப் போனார்கள். பறையொலி நெஞ்சுக்குள் இடித்தது. கோயில் பக்கம் பேருந்து இல்லை. ஹைமாவதி வீடிருக்கும் வாரசிகூடாவிலிருந்து கூட்டத்தினூடே நடந்தாள். அம்மனைக் கும்பிடக் கை எழவில்லை. மடிக்கணினிப் பையை இரு கையாலும் மார்போடு அணைத்திருந்தாள்.

கடையில் ராவ் புதுச் சரக்கிலிருந்து ஒன்றைப் பிரித்து அவளுக்காக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அருகில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் சுவரைப் படித்துக்கொண்டு நின்றான். அவள் பெயரை ராவ் சொன்னதும் சட்டென்று திரும்பினான்.

"அக்கா! அந்த ஹைமாவதி நீங்கதானா? என் பேரு மல்லேசம். சித்திப்பேட்டையிலேர்ந்து வரேன். மண்டல ஆபீஸ் வாசல்ல மனு எழுதித் தர்றவன். நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் முதல் பஸ்ஸு ஏறினேன்."

ஹைமாவதி தலையசைத்தாள்.

"நானும் எழுத்து வேலைக்காரன்தான் அக்கா. எழுத்தப் பாத்தா ஆளத் தெரியும். மத்தவன் எல்லாம் சூப்பர் சூப்பர்னு, கோழி கூவற மாதிரி! நீங்க ஒருத்தர்தான் நிறுத்தி நிதானமா சொல்லியிருக்கீங்க." அருகே வந்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. செகண்ட்ஸ்னா சூடாகி அணைஞ்சு போகும்னு ஊர்ல பயமுறுத்தறாங்க. உங்களுது எப்படி?"

"கேளுங்க, கேளுங்க" என்றார் ராவ், தலை நிமிராமல். "நான் சொன்னா வியாபாரம்பீங்க. அக்காவே சொல்லட்டும்." அவர் கை வேலையை நிறுத்தியிருந்தது. புதிய கணினியின் திரையில் வெண்ணிறக் கோடு பாதிவரை வளர்ந்து நின்றது.

நாளைக் காலை ஒன்பது மணி அவள் கண்முன் வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் யாதகிரி வந்தான்.

"நல்லா இருக்கு, தம்பி."

"அணையறதில்லையே?"

"இல்ல."

"கையில பையோட வந்திருக்கீங்களே?"

"சார்ஜர் கொஞ்சம் லூசு. மாத்திக்க வந்தேன்."

மல்லேசம் இரு கையும் கூப்பினான். ராவின் கை மறுபடி இயங்கத் தொடங்கியது. அவள் வெளியேறும்போது, பச்சை ரெக்சின்மேல் குனிந்து அவனும் நட்சத்திரம் இட்டுக்கொண்டிருந்தான். "ஹைமாவதி அக்கா சொன்னது அத்தனையும் உண்மைன்னு போடட்டுமா?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை ஒன்பதுக்குப் பயிற்சி தொடங்கியது. மாற்றி வாங்கிவந்த கணினி நாற்பதைக் கடந்தது; நாற்பத்தைந்தையும் கடந்தது. அவள் மூச்சு சீராகி வரும்வேளையில், ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, திரை அணைந்தது. இதுவும் அதே நிறுவனம் கழித்த சரக்கு. அதே நோய், பன்னிரண்டு நிமிடப் பொறுமை மட்டும் கூடுதல்.

திரும்பி எழுவதற்குப் பதினெட்டு நிமிடம். மறுமுனையில் பயிற்சியாளர் அம்மாள் கனிவாகத்தான் சொன்னார்: "ஹைமாவதி காரு, இன்னைக்கு ஒண்ணு ஆச்சு. பாத்துக்கோங்க."

மருத்துவரின் குரல் காதுக்குள் ஓட, அவள் விரல் பின்தொடர்ந்து ஓடியது. கண் மட்டும் திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தில் கிடந்தது. கணினியின் வெப்பம் மணிக்கட்டில் ஏறியது. ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"ஹைமா, பேசாத, கேளு" என்று கட்டிலிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னான் யாதகிரி. "உள்ள இருக்கற விசிறி செத்துப் போச்சு. அடியில காத்து போகணும். நாலு டம்ளரக் கவுத்து அதுமேல தூக்கி வை. கீழ தாம்பாளத்துல ஐஸ். முன்னாடி டேபிள் ஃபேன்."

கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எழ வழியில்லை. யாதகிரி சுவரைத் தட்டி அடுத்த வீட்டு ரமணம்மாவை அழைத்தான். அவள் பனிக்கட்டித் தட்டோடு தவழாக் குறையாக, கேமராவில் படாமல் குனிந்து வந்து எல்லாம் செய்தாள். "ஆஷாடத்துல புதுசு எதுவும் தொடங்காதன்னு சொன்னா யாரு கேக்கறா" என்று தாம்பாளத்திடம் முணுமுணுத்தாள்.

அறுபத்தைந்து நிமிடம் தாங்கியது. இடைவேளை விட்டதும் அவளே கணினியை அணைத்து, ஆறவைத்து, மீண்டும் எழுப்பினாள். பன்னிரண்டரைக்கு வகுப்பு முடிந்தபோது மேசையிலிருந்து தரைக்கு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் போயிற்று. இன்னும் பதினொரு நாள்.

பிற்பகல் நான்கு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. அவளுடைய நான்கு வரிக்குக் கீழே, உலகம் பார்க்க, மல்லேசம் எழுதியிருந்தான்.

'அக்கா, வணக்கம். என்னுது முக்கால் மணியில அணைஞ்சு போகுது. நான்தான் ஏதோ தப்பாப் பயன்படுத்தறேன் போல. இன்னைக்கு ரெண்டு பேரோட மனு பாதியில போச்சு. உங்களுது நல்லா ஓடுதே, நீங்க எப்படி வெச்சிருக்கீங்க? கத்துக் குடுங்க.'

இருமுறை படித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அடுத்த நிமிடமே ராவ் அழைத்தார். "அக்கா, சித்திப்பேட்டைக்காரர் ஏதோ கேட்டிருக்கார், பாத்தீங்களா? தூசியில வெக்காதீங்க, மெத்தையில வெக்காதீங்கன்னு ரெண்டு வார்த்தை போட்டு விடுங்க. நீங்க சொன்னா அடங்கிடுவார். உங்க மெஷினும் எப்ப வேணா என்கிட்ட வரணும்ல? டிரெயினிங் முடியட்டும், புது விசிறி போட்டுத் தரேன்."

"சரி, ராவ் காரு" என்றாள்.

யாதகிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன எழுதப் போற?"

அவள் கைப்பேசியை எடுத்துச் சன்னலோரம் போய் நின்று எழுதினாள். 'மல்லேசம் தம்பி, தவறு உங்களுடையது அன்று. என்னுடையதும் அணைகிறது. வெள்ளிக்கிழமையே அணைந்தது. ஞாயிறன்று அது தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன். மாற்று மெஷினுக்காகச் சொன்னேன். நான்கு டம்ளர்மேல் உயர்த்தி, அடியில் ஐஸ் வைத்து, விசிறி போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். பணத்தை இன்றே திருப்பிக் கேளுங்கள்.' பிறகு ஐந்து நட்சத்திரத்தில் நான்கை அழித்தாள்.

வெளியிட ஒரு விநாடி போதுமாயிருந்தது. முத்திரையிட்ட அட்டை இனி வெறும் அட்டை. ராவ் விசிறி மாற்றித்தரப் போவதில்லை.

ரமணம்மாவிடம் இன்னும் இரண்டு பனிக்கட்டித் தட்டு இரவல் வாங்கிவந்து குழாயடியில் நிரப்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அலறியது. ஓய்ந்தது. மறுபடி அலறியது.

"ராவ் காருதான்" என்றான் யாதகிரி. "எடுக்கலையா?"

"கை ஈரமா இருக்கு" என்றாள் ஹைமாவதி. நிரம்பிய தட்டைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு, அடுத்ததைக் குழாயின்கீழ் நீட்டினாள்.