டர்போ விளக்கு எரிந்த அறை

பொத்தானை மறுபடி அமுக்கிய அன்று அங்கே இருந்தவர்கள்: நாற்காலியில் முப்பத்தாறு வயதுக் கணவர், நிலைப்படிக்கு வெளியே அவருடைய அறுபத்தொரு வயது மனைவி, சுவரில் சாய்ந்தபடி, அப்பாவைவிட இரண்டே வயது இளையவளான அவர்களுடைய ஒரே மகள், கணினி பழுது பார்க்கும் ஸ்க்ரூ என்கிற ஆள், அட்டைப் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே எடுக்காத புதுக் கணினி ஒன்று. பக்கத்து வீட்டம்மாவும் இருந்தாள். அவளை யாராவது கூப்பிட்டார்களா, தானாக வந்தாளா என்பதில் அந்தத் தெருவில் இன்றும் இரண்டு கருத்து உண்டு.

கணவருக்கு டெலிபோன் டைரக்டரிக்குப் பெயர்களை டைப் அடித்துப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற வேலை. ஊரில் ஃபோன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் விரல் வழியாகத்தான் அகரவரிசைக்குள் போனார்கள். அதற்கான கணினியை ஸ்க்ரூ உதிரி உதிரியாக வாங்கிவந்து பூட்டிக் கொடுத்தான். எப்போதும் உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்; பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிட்டாள். தந்த நிறத்தில் ஒரு பெட்டி. வயிற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த மானிட்டர். கிட்டே கை கொண்டுபோனால் முடி சிலிர்க்கும். சதுரத் தட்டுகளை விழுங்கிவிட்டு ஜீரணமாகாததுபோல் உறுமுகிற ஃபிளாப்பி டிரைவ். தாளை ஊசியால் குத்திக் குத்தி அலறவைக்கிற பிரிண்டர். மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை. ஏழு வயது மகள் அதை அடிக்கடி திருடிக்கொண்டுபோய் விளையாடினாள். பெட்டியின் முகப்பில் டர்போ என்று எழுதிய ஒரு பொத்தானும் அதன் மேல் மஞ்சள் விளக்கும் இருந்தன. "விளக்கு எரிஞ்சா குதிரை, அணைஞ்சா கழுதை" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ போனான்.

ஒரு சாயங்காலம், மறுநாள் கொடுக்க வேண்டிய 'ம' வரிசை அப்படியே பாக்கி கிடந்ததால், கணவர் டர்போவை அமுக்கிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஒரே உட்காரல் இருபத்தேழு வருஷம் நீடித்தது. அறைக்குள் ஒரு விநாடி போவதற்குள் வெளியே ஒரு நாள் போயிற்று. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ" என்று அவர் வாயைத் திறந்தது ராத்திரி. "வந்துட்டேன்" என்று முடித்தபோது மறுநாள் விளக்கு வைக்கிற நேரம். ஆண்கள் கணினிமுன் உட்கார்ந்தால் இப்படித்தான் என்று அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பொறுமை இழந்து உள்ளே போனாள். உள்ளே போனதும் எல்லாம் சரியாக இருந்தது. அவர் எப்போதும்போல் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். "சோறு ஆறிப்போச்சு, எழுந்திரிங்க" என்றாள். "இந்த ஒரு பக்கம்டி" என்றார். தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வெளியே வந்தாள். வந்து பார்த்தால், பாலில் பூஞ்சை படர்ந்திருந்தது, வாசலில் செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன, மகள் பக்கத்து வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணின் தொளதொள கவுனில், வேறு யாருடைய கையிலிருந்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை எழுந்து ஓடி வரவில்லை. மென்றுகொண்டே பார்த்தது. அதற்குப் பிறகு அவள் அந்த நிலைப்படியைத் தாண்டவே இல்லை.

கரண்டைப் பிடுங்கிவிடலாமே என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கும் தோன்றியது. ஸ்க்ரூவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள், விஷயத்தைச் சொல்லாமல், அணைக்கலாமா என்று மட்டும். அவன் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதையே சொன்னான்: "சேவ் பண்ணாம ஆஃப் பண்ணினா உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும் அக்கா."

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான். திரும்ப வராது."

உள்ளே இருந்தது என்ன என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அன்றைக்கே கூடத்தில் யூபிஎஸ் ஒன்றும் லாரிக்குப் போடுகிற மாதிரி பேட்டரிகளும் வந்து இறங்கின. டர்போ விளக்கு எரிகிறதா என்று மட்டும் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டாள். டர்போ போட்டும் இந்த லட்சணம் என்றால், அது அணைந்தால் மனுஷன் கல்லாகிவிடுவார் என்பது அவள் கணக்கு. தெருவில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவுக்குப் போனாள். கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு வரிசையாக, கைக்கு ஒன்றுவீதம் தைத்துத் தைத்து அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆனாள். பொத்தானிலேயே பிழைத்தவளுக்கு வீட்டில் இருந்த ஒரு பொத்தான் புரியவில்லை என்று பக்கத்து வீட்டம்மா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். வாரம் தவறாமல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு நிலைப்படிக்கு வருவாள். மானிட்டரில் வெளிச்சம் ஒரு கோடாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும், அது அடியைத் தொடும்போது சோறு வெந்திருக்கும். சில சமயம் அவர் கண் இமைப்பார். பாதிநாள் மூடியிருந்து திறக்கும் அந்தக் கண்ணை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய்ப் பார்ப்பாள். அவள் வயசுக்கு வந்தாள், படித்தாள், கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலைக்குப் போனாள், இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். ஃபோன் எல்லார் சட்டைப்பைக்கும் வந்தது. டைரக்டரி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதை 'மு'வைத் தட்டிக்கொண்டிருந்த அவரிடம் சொல்ல யாருக்கும் ஒரு வாரம் ஒதுக்க முடியவில்லை.

கடைசியில் மக்கர் செய்தது யூபிஎஸ்தான். அதற்கு உதிரிப் பாகம் கிடையாது என்று எல்லாக் கடையிலும் கைவிரித்தார்கள். மகள் ஒரு முடிவோடு புதுக் கணினி வாங்கிவந்தாள். பழையதன் உள்ளே இருப்பதை எல்லாம் இதற்கு மாற்றிவிடலாம் என்று கடையில் சொன்னார்களாம். "ஆளையுமா மாத்துவாங்க?" என்று அம்மா கேட்டாள். ஸ்க்ரூவைக் கூப்பிட்டார்கள். தலை முழுக்க நரைத்து, உதட்டில் இன்னும் திருகாணியோடு, அவன் வந்து நிலைப்படியில் நின்றான். நாற்காலியில் இருந்தவரைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

"என் கையால பூட்டின மெஷின். நேத்துப் பூட்டின மாதிரி இருக்கு. நாலே எம்பி மெமரிக்கா அன்னைக்கு அந்த அலைச்சல் அலைஞ்சேன். இப்ப ஒரு ஃபோட்டோ கூட அதுல அடங்காது." பிறகுதான் விளக்கு கண்ணில் பட்டது. "அக்கா, டர்போ ஏன் எரியுது?"

"வேகமா முடியட்டும்னுதான்."

அவன் திருகாணியை வாயிலிருந்து எடுத்தான். அவன் அப்படி எடுத்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. டர்போ வேகத்தைக் கூட்ட வந்த பொத்தான் இல்லை, குறைக்க வந்தது என்றான். பழைய விளையாட்டுகள் அந்தக் காலத்துப் புது மெஷினில் தலைதெறிக்க ஓடின. அதை இழுத்துப் பிடிக்கத்தான் அந்தப் பொத்தான். மெதுவாகும்போது விளக்கு அணைய வேண்டும். ஆனால் பொத்தானை அமுக்கும்போது விளக்கு எரிந்தால்தான் வாங்குகிறவர்களுக்குத் திருப்தி என்பதால் வயரைத் திருப்பிச் செருகி, குதிரை என்று சொல்லியும் வைத்ததாக, வெட்கம் எதுவும் இல்லாமல் சொன்னான்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே அக்கா."

அவனே உள்ளே போனான். நாள் வீணாகுமே என்றதற்கு, "என்னைத் தேடறது வீட்டு ஓனர் ஒருத்தர்தான். தேடட்டும்" என்றான். வெள்ளிக்கிழமை நிலைப்படியைத் தாண்டிய வலது கால் சனிக்கிழமை தரையைத் தொட்டது. அதற்கடுத்த வாரம் அவன் குனிந்துகொண்டிருந்தான். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே நூல் நுழைகிற இடம் மிஞ்சியபோது மகள் வேலைக்கு லீவு சொன்னாள். விளக்கு அணைந்தது. ஃபேன் சத்தம் திடீரென்று வீடு முழுக்கக் கேட்டது.

கணவர் சோம்பல் முறித்துத் திரும்பினார். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்கம்மா வந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடி?" என்றார்.

மாமியார் செத்துப் பல வருஷமாகியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எம்பி எட்டிப் பார்த்தாள்.

"நான் அத்தை இல்ல. அவ உங்க பொண்ணு" என்றாள் மனைவி. "வாயைப் பொளந்துகிட்டு நிக்காம வெளிய வாங்க. லைட்டை அணைச்சுட்டு வாங்க."

அந்த அதட்டலில்தான் அவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தார்கள். மருத்துவமனையில் இவரைப் பார்த்து, "அம்மாவுக்கு மாத்திரையைத் தவறாமக் குடுங்க" என்றார்கள். அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவார்; அவள் கைப்பிடியைப் பிடித்து மூட்டைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். அந்தச் சாயங்காலம் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இருவரும் போட்ட சண்டைக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். எதைப் பற்றிய சண்டை என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. அவர் எடுத்துச் சொல்லியும் ஞாபகம் வரவில்லை. சண்டையைவிட அதுதான் அவரை வருத்தியது. படுக்கையில் அவர் கைபோட்டபோது எடுத்துவிட்டாள். "தப்பா நினைக்காதீங்க. நான் காத்துக்கிட்டிருந்தது ஒரு ஆம்பளைக்கு. வந்திருக்கறது பையன் மாதிரி இருக்கு. எனக்குக் கூசுது." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருவரிடமும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அவள் ஸ்க்ரூவை வரச்சொன்னாள். புதுக் கணினி கூடத்தில் மகள் வைத்த இடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெட்டிக்கு நல்ல யூபிஎஸ், புது பேட்டரி, இரண்டையும் போடு என்றாள். "ஊரெல்லாம் மெஷினை அப்கிரேடு பண்ணும். நீங்க கரண்டை அப்கிரேடு பண்றீங்க" என்றபடி அவன் பெட்டியைத் திறந்து, உள்ளே அடித்த புது போர்டு வாசனையை ஒரு முறை இழுத்து முகர்ந்துவிட்டு மூடினான்.

பிறகு கணவரையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னாள். தான் உள்ளே போகப் போவதாகவும், தனக்கு ஒரு சாயங்காலப் பொழுது ஆகும் என்றும், அதற்குள் இவர் தன் வயதுக்கு வந்து சேர்ந்துவிடுவார் என்றும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றாள். கணவர் யோசித்தார். அவர் நேர்மையாக யோசித்தார் என்பதை மகள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். வழி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மகள்தான் மறித்தாள். "நீ வெளிய வரும்போது எனக்கு அறுபது வயசாகும்மா."

"ஆகட்டும். அப்ப மூணு பேரும் ஒரே வயசு. யாரும் யாருக்கும் அடங்க வேண்டாம். நல்லாப் பேசிக்கலாம்."

"அதுவரைக்கும் எனக்கு அம்மா வேணாமா?"

"இத்தனை வருஷம் அம்மா இருந்தாச்சு. கொஞ்ச நாள் அப்பாவை வெச்சுக்கோ. அவருக்குத்தான் உன்னை வளத்த கணக்கே இல்ல." இன்னொன்றும் சொன்னாள். "எனக்கும் உக்காரணும்டி. அவர் உக்காந்த அன்னைலேர்ந்து நான் உக்காரவே இல்ல."

"நடுவுல நான் செத்துப் போயிட்டா?" என்றார் கணவர்.

"சாகாதீங்க" என்றாள். "நான் உங்களைச் சாக விட்டேனா?"

இப்போது அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகளை வாரம் ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடுகிறார், குழம்பில் உப்பு அதிகம் என்று திட்டு வாங்குகிறார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அவள் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையிலேயே பெட்டிகளுக்கு முகவரி ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது. தெருவில் யாராவது வீட்டுக்காரி எங்கே என்று கேட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார். கேட்டவர்களும் சரி என்று போய்விடுகிறார்கள். மூட்டு வலி தனக்கும் ஆரம்பித்துவிட்டதாக ஒருநாள் மகளிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

உள்ளே போன அன்று அவள் ஒரு தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டாள். கேஸ் குழாயை இரவில் மூட வேண்டும் என்றும், மேல் அலமாரியில் போர்வை இருக்கிறது என்றும், மகள் அழுதால் அழவிட வேண்டும், சமாதானம் செய்யக் கூடாது என்றும் சொன்னாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணையைச் சரியாக வைத்துக்கொண்டு, கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. திரும்பி வந்துகொண்டிருந்த அவள் கை பாதி வழியில் நின்றுபோனதுபோல் இருந்தது. நாளைக் காலைக்குள் மடிக்கு வந்துவிடும். யாரும் தெரியாமல் நுழைந்து ஒரு மாதத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்று அவர் கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.