குழாய் தாங்கிய ஷட்டர்

பார்சல் கம்பெனியின் வண்டிக் கொட்டகையில் ஷட்டர் தானாக மேலே நிற்காமல் போய் மூன்று மாதமாகிறது. காலையில் இரண்டு பேர் தம் கட்டித் தூக்குவார்கள். மூன்றாவது ஆள் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுப்பான். ஓட்டுநர் அதற்கடியில் குனிந்து ஓடிப்போய் வண்டியை எடுப்பார். "என் வேகம் எவனுக்கும் வராதுடா" என்று சுமை ஏற்றுகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். வண்டியின் கைபிரேக்கும் பிடிக்காது. சக்கரத்துக்கு ஒரு செங்கல்தான் காவல்.

அன்று ஓட்டுநரின் தங்கை வந்திருந்தாள். ஷட்டர் பழுதுபார்ப்பது அவள் தொழில். அண்ணன்தான் முதலாளியிடம் சொல்லி வரவழைத்திருந்தார். சுவரோரம் ஏணி போட்டு ஏறியவள், மேலே ஷட்டர் சுருளும் உருளையைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"ரெண்டு ஸ்பிரிங்ல ஒண்ணு அறுந்துபோச்சு. இன்னொண்ணுல விரிசல். புதுசு வர நாளைக்கு ஆகும் சார். அதுவரைக்கும் இறக்கிப் பூட்டணும்."

"பூட்டவா? இருநூறு பார்சல் இன்னைக்கே போகணும்" என்று சீறினார் முதலாளி. "எண்ணெய் விட்டுட்டுப் போம்மா, போதும்."

"எண்ணெய் விட்டா சத்தம் குறையும் சார். சத்தமில்லாம விழும்."

சுமை ஏற்றுகிறவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்து, முதலாளியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அவள் செங்கல்லைக் காலால் காட்டினாள். "இது நகர்ந்தா வண்டி உருண்டு குழாயை இடிக்கும். குழாய் சாஞ்சா மூணு ஆள் எடை ஒரே தடவைல இறங்கும்."

"மூணு மாசமா விழாதது இன்னைக்கா விழப்போகுது?" முதலாளி ஓட்டுநரிடம் திரும்பினார். "வண்டி கிளம்பலைன்னா நாளைலேருந்து நீ வரவேண்டாம்."

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போனது. "பாப்பா, இந்த ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துடறேனே. வேலை போயிடும்."

"அப்புறம் அண்ணிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?" என்றவள், முதலாளியைப் பார்த்தாள். "சரி சார். நீங்க வந்து இந்தக் குழாய் பக்கத்துல நில்லுங்க. வண்டி வெளிய போற வரைக்கும் நின்னா போதும். அண்ணன் எடுப்பாரு."

"நிக்கறேன், என்ன இப்போ!" சட்டைக் கையை மடித்துவிட்டு வந்தார். வாசலுக்கு ஒரு முழம் முன்னால் அண்ணாந்து பார்த்தார். மேலே எங்கோ கிரீச்சிட்டது. கால் அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை எடுத்து வைக்கப் பார்த்தார், வரவில்லை.

"தினமும் நான் ஓடுற இடம்தான் சார்" என்றார் ஓட்டுநர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரும் அண்ணாந்து பார்த்தார்.

முதலாளி பிடரி வியர்வையைத் துடைத்தார். "இறக்குங்கப்பா."

நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்கச் சொன்னாள் தங்கை. இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் வைத்து, மற்றவர்களை ஓரமாக ஒதுக்கி, குழாயை எடுத்து, ஷட்டரை மெதுவாக இறக்கிப் பூட்டினாள். முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத ஓட்டுநர், "என் தங்கச்சிடா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

முதலாளியின் போன் அடித்தது. பார்சலைக் கேட்டு வாடிக்கையாளர் சத்தம் போட்டார்.

"வண்டி இருக்கு சார், டிரைவரும் வந்திருக்காரு. ஷட்டர்தான் சரியில்லை" என்றார் முதலாளி. குரல் தணிந்திருந்தாலும் தடுமாறவில்லை. "பார்சல் நாளைக்குத்தான் வரும். நான் நிக்கப் பயப்படுற இடத்துல என் ஆளை நிறுத்தக் கூடாது சார். இவ்வளவு நாள் நிறுத்தினது தப்பு."