கொசுறு

என் வீட்டுக்காரருக்கு ஓட்டைக் கை. அதில் எதுவும் தங்காது. ஒரு ரோஜாச் செடி வாங்கினால் ஒரு புதினாக் கன்று இனாம். தராசில் சரியாக நின்ற கிழங்கைப் பையில் கொட்டிய பிறகும், மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். கொசுறு கொடுக்காத கடைக்கு எவன் திரும்பி வருவான் என்பார். கர்ணப் பிரபு வம்சம் என்று நான் குத்திக் காட்டினால் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார். நர்சரி வைத்த நாளிலிருந்து நான் கட்டுவதும் அவர் அவிழ்ப்பதுமாகத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

செடிக் கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, வேனிலிருந்து மிச்சச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறுவதற்குள் கன்றுகளை நிழல்வலைக்கு அடியில் கொண்டு போகவேண்டும் என்று நான் பறந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கலப்பைக் கிழங்குச் சாக்கு கையில் லேசாக வந்தது.

கண்காட்சிக்கு இரண்டு வகைக் கிழங்கு கொண்டுபோயிருந்தோம். ஒன்று சிறுவள்ளி. நட்டால் கொடி வரும், அவித்தால் சாப்பாடு. இன்னொன்று கலப்பைக் கிழங்கு, செங்காந்தள் பூவுக்காக நடுவது. பூ கொள்ளை அழகு, கிழங்கு கடும் விஷம். ஒன்று வயிற்றுக்குள் போனாலும் ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டுமே விரல் தடிமனில், மண் நிறத்தில் இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் தொட்டுப் பிரித்துவிடுவேன். வாங்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. அதனால் எங்கள் தொழிலில் கலப்பைக் கிழங்கைத் தனித் தாளில் சுற்றி, சிவப்பு நூல் கட்டி, "இது பூவுக்கு, வாயில வெச்சுடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்போம்.

சாக்கில் பாதி இல்லை. சிவப்பு நூல்கண்டோ பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"ஏங்க, இதுல பாதி எங்க போச்சு?"

"ரோஜாக்காரன்கிட்ட குடுத்துட்டு நாலு பதியன் மாத்திக்கிட்டேன். திருப்பி யாரு சுமக்கிறது?"

"வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"கடைசியா அந்த நிழலம்மா வந்தாங்கல்ல, அவங்களுக்கு ஒரு கை போட்டேன். பாவம், செடின்னா உசிரு அவங்களுக்கு."

"எதுல போட்டீங்க?"

"அவங்க பையிலதான்."

"வள்ளிக்கிழங்கு வாங்கின பையிலயா? ரெண்டையும் ஒண்ணாவா?"

அவர் கையில் இருந்த கன்றுத் தட்டைக் கீழே வைத்தார். "தாள் தீர்ந்து போச்சும்மா. கிழங்கைப் பார்த்தா தெரியாதா?"

அந்த அம்மாள் கிழங்கு வாங்கும்போது இவர் வேன் பக்கம் போயிருந்தார், நான்தான் எடை போட்டேன்; அவள் கிளம்பும்போது அங்கே வைத்துத்தான் போட்டிருக்கிறார். என்னிடம் அவள் சொன்னது காதிலேயே இருந்தது: "பெருசை நட்டுடுவேன், சின்னதையெல்லாம் அவிச்சு நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு டிபன் பாக்ஸ்ல குடுத்து விடுவேன்."

அதைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போனது. கன்றுகளை வெயிலில் அப்படியே போட்டுவிட்டு வேனில் ஏறினோம்.

அந்த அம்மாளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்தச் செடியைத் தொட்டாலும், "இது நிழல்ல வளருமா?" என்று கேட்பாள். அதனால் நர்சரிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் நிழலம்மா. வீடு எங்கே என்று கேட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றியதில்லை. எந்த வீட்டில் எந்தச் செடி செத்தது என்பது வரை எங்களுக்குத் தெரியும், எந்தத் தெரு என்பது தெரியாது.

முதலில் ரோஜா நர்சரிக்குப் போனோம். ரோஜாக்காரர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். "என்ன, காலங்காத்தால ஜோடியா? பதியனைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"என்கிட்ட குடுத்த கிழங்கு பத்திரமா இருக்கு, எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கு எப்படிய்யா தெரியும்?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற நாளாக இருந்தால் அவருக்காக நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

"வீடு தெரியாது. ஆனா மண்தொட்டிக்காரம்மாகிட்ட நிறைய தொட்டி வாங்குவாங்க. இறக்கிக் குடுக்கப் போயிருப்பாங்க, கேட்டுப் பாருங்க," என்றார் ரோஜாக்காரர்.

மண்தொட்டிக் கடை ஊரின் இன்னொரு கோடியில். வழியெல்லாம் நான் அவரைத் திட்டினேன். தான தர்மம் பண்ணுகிறவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதற்குமேல் நான் திட்டவில்லை.

மண்தொட்டிக்காரம்மா வைக்கோல் செருகித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த வீடா? மூணு மாடி சுமந்தேன், சாகுற வரைக்கும் மறப்பேனா?" என்றாள். "அச்சாபீசுக்குப் பின்னாடி சந்து. பச்சைக் கதவு. பட்டப்பகல்லயே லைட்டு போட்டாத்தான் படி தெரியும்."

படி ஏறும்போது அவர் என்னை முந்திக்கொண்டு ஓடினார். முழங்கால் வலி என்று தினமும் புலம்புகிற மனுஷன்.

கதவைத் திறந்த நிழலம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "அட, நீங்களா! வீடு தேடியே வந்துட்டீங்களே! வாங்க, வாங்க, உங்ககிட்ட வாங்கின பெரணிச் செடி எப்படி வந்திருக்குன்னு பாருங்க."

"அக்கா, நேத்து வாங்கின கிழங்கு எங்க?"

"சமையக்கட்டுலதான் இருக்கு. ஏன்?"

கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. நான் நேரே உள்ளே போனேன். சின்னச் சமையலறை. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர். கூடையில் நடுவதற்கென்று எடுத்து வைத்த பெரிய வள்ளிக்கிழங்குகள். அவற்றோடு கலப்பைக் கிழங்கு இரண்டு, ஒட்டிப் பிறந்ததுபோல் கிடந்தன. அடுப்பு மேடையில் ஒரு தட்டு. அதில் அவித்து, தோல் உரித்து, துண்டு போட்டு உப்பும் மிளகும் தூவிய கிழங்கு.

"எத்தனை போட்டீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"எண்ணியா போடுவேன்?"

தட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், முகர்ந்தார், விரலால் அழுத்தினார். கடைசியில் எல்லாவற்றையும் திரும்பத் தட்டிலேயே போட்டார். உரித்து வேகவைத்த பிறகு அவருக்கும் தெரியவில்லை.

நான் நிழலம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. "இவ்வளவு நல்லவரு குடுத்தாரே" என்றுதான் சொன்னாள். அவள் இன்னும் சாப்பிடவில்லை. அவள் புருஷன் துணி தைக்கிற கடை வைத்திருந்தார், காலையிலேயே டிபன் பாக்ஸ் போய்விட்டது. போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மெஷின்ல உக்காந்தா எடுக்கவே மாட்டாரு. ஆனா ஒரு மணி ஆகாம சாப்பிடவும் மாட்டாரு. நேரம் இருக்கு, இல்ல? நேரம் இருக்குல்ல தம்பி?"

"இருக்கும்மா, இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். இப்போதும் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நிழலம்மா செருப்புக்கூடப் போடவில்லை. மடியில் அந்தத் தட்டை வைத்திருந்தாள். டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று நான்தான் எடுத்துவரச் சொன்னேன். வழியில் அவள் போனை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

கடை வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்டது. ஒடிசலான மனுஷன், கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கள் மூன்று பேரையும் பார்த்து மெஷினை நிறுத்தினார். வெட்டுப் பலகையின் ஓரத்தில் டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் நிழலம்மா.

"இன்னிக்கு சீக்கிரமே பசிச்சிடுச்சு. ஏன், யாரு இவங்க?"

"கிழங்கு?"

"ஆச்சு. நல்லா இருந்துச்சு."

"கசந்துச்சாண்ணே?" என் வீட்டுக்காரர் முன்னால் வந்து கேட்டார். "எதாவது ஒரு துண்டு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

டெய்லர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். "கூட்டிட்டு வந்து சாட்சி விசாரிக்கிறியா? சரி, உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டு மூணு துண்டு வேப்பங்காய்தான். நேத்து ராத்திரியில இருந்து இவளுக்கு அந்தக் கிழங்குப் பேச்சுதான், சார். மிச்சம் வெச்சுட்டுப் போனா மூஞ்சி தொங்கிடும். கண்ணை மூடிட்டு முழுங்கிட்டேன்."

நிழலம்மா அவர் தோளில் ஓங்கி அடித்தாள். "கசந்தா துப்பக்கூடாதா? துப்பினா என்ன, நான் உங்களைக் கொன்னா போட்டுடுவேன்?" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு ஒரு கைதான் வைத்திருக்கிறது, சாயங்காலம் ஆள் வந்துவிடுவான் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வேனில் ஏற்றினோம்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பயமாக இருந்தது அதனால்தான். இந்த விஷம் உடனே காட்டாது. நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கவைத்துப் பிறகுதான் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் தட்டைக் காட்டி, கிழங்கின் பெயரைச் சொன்னதும் டாக்டரம்மா மறுபேச்சுப் பேசவில்லை. டெய்லரை உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றைக் கழுவப் போகிறோம், இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, நாலைந்து நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். அளவு நாடாவைக் கழற்றி நிழலம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றார். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று காத்திருந்தாற்போல இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம், அவரைப் பார்க்கப் பார்க்க அழுகை, இரண்டும் ஒன்றாக வந்தது. நிழலம்மா திட்டவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க தம்பி. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

அவர் உட்காரவில்லை. அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க செடிக்காரரு. டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. உங்களுக்குத் தெரியும்ல, அவரு பிழைச்சுக்குவாருதானே?"

சொல்லுங்களேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். பொய்யாகவாவது ஒரு வார்த்தை. யார் எதைக் கேட்டாலும் அதற்குமேல் ஒரு பிடி சேர்த்துக் கொடுக்கிறவர். அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.