எட்டாவது கேடயம்

இடோனியா சீமாட்டி உயிரோடிருக்கும்போதே தன் கல்லறையைச் செதுக்கச் சொல்லியிருந்தாள். பெரிய குடும்பங்களில் அதுதான் வழக்கம். வெள்ளைக்கல்லின் பக்கவாட்டில் முன்னோரின் சின்னம் பொறித்த கேடயங்கள் வரிசையாக வர வேண்டும். சிங்கமும் கழுகுமாக ஏழு முடிந்துவிட்டன. எட்டாவதில்தான் வம்பு.

அது அவள் தாயைப் பெற்ற ஹாமோவுக்கு. ஆற்றங்கரையில் தோல் பதனிட்டவர்; அவருக்குச் சின்னம் என்றால் தோல் சுரண்டும் கத்திதான். கொள்ளைநோய் வந்தபோது மாளிகைக்காரர்கள் காய்ச்சலில் கிடந்த தங்கள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினார்கள். ஹாமோ தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து அவர் மகளையே கட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைதான் இடோனியாவின் அப்பா.

கொழுந்தன் ஃபல்க் தேவாலயத்துக்கே வந்துவிட்டான்.

"அண்ணி, உங்க மகன் ஜெர்வேசுக்கு அவ்வளவு பெரிய இடத்துல பொண்ணு பேசியிருக்கோம். நாளைக்கு அவங்க வந்து பாக்கறப்ப இங்க தோல் சுரண்டுற கத்தியா இருக்கணும்? நம்ம முன்னோர்னு நார்மண்டி வீரர் ஒருத்தர் பேரைப் போட்டுடலாம்."

"அப்படி ஒருத்தர் இருந்தாரா?"

"இல்லாட்டி என்ன? செத்தவங்க சண்டைக்கா வரப்போறாங்க?"

"நான் இன்னும் சாகலையே. நான் வருவேன்." சிற்பியிடம் திரும்பினாள். "கத்தியைச் செதுக்குப்பா."

மறுநாள் பெண்ணைப் பெற்ற பிரபுவின் மனைவி கேடயங்களைப் பார்த்துக்கொண்டே வந்து எட்டாவதன் முன் நின்றாள்.

"இது என்ன வாள்?"

"பழங்காலத்து..." என்று ஃபல்க் இழுத்தான்.

"வாள் இல்லீங்க. தோல் சுரண்டுற கத்தி. எங்க தாத்தாவோடது" என்றாள் இடோனியா.

"அடேயப்பா! அந்த நாத்தம் எத்தனை தலைமுறைக்குப் போகாதோ!"

இடோனியாவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் குரல் தடுமாறவில்லை. "பெத்த பிள்ளையைப் போட்டுட்டு ஓடினவங்க சின்னமும் இதுல இருக்கு. அதையும் நான் எடுக்கல."

சம்பந்தம் முறிந்தது. ஜெர்வேஸ் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்தினான். குளிர்காலம் முழுக்க அவள் தனியாகவே சாப்பிட்டாள். எத்தனையோ தடவை மனசு அடித்துக்கொண்டது. கத்தியை எடுக்கச் சொல்லி மட்டும் ஆள் அனுப்பவில்லை.

ஈஸ்டர் விருந்தன்று மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டுக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினான்.

"கோபம் தீர்ந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி. சாப்பிடு" என்றாள் இடோனியா.