துரைசானி படகில் கதண்டு

“உள்ள வை தலைய. இன்னும் உள்ள.”

காசியம்மாள் தம்பியின் குடுமியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். தானும் மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கினாள். ஏரித் தண்ணீரை உரசியபடி கதண்டுகள் பறந்தன. ஒவ்வொன்றும் விரல் தடிமன். ஒன்று கொட்டினால் காய்ச்சல் வரும். கூட்டமாகக் கொட்டினால் ஆள் எழுந்திருக்க மாட்டான்.

மூச்சு முட்டி இருவரும் எழுந்தபோது இரைச்சல் அடங்கியிருந்தது. எல்லப்பனின் இடது கண் மூடிப்போயிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது.

“எம் மூஞ்சி இன்னாக்கா ஆச்சி?”

“கத்திரிக்கா மாதிரி கீது.”

“முன்ன எப்டி இருந்திச்சி?”

“முன்னயும் கத்திரிக்காதான். இப்ப முத்திப் போச்சி.”

சிரிக்கப் போனவன் வலியில் உதட்டைப் பொத்திக்கொண்டான். காசியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் படகின் மேலேயே இருந்தது.

பச்சை வர்ணம் அடித்த படகு. கோட்டைத் துரையின் பெண்சாதி ஏரியில் காற்று வாங்கப் போவதற்கென்று செய்தது. நடுவில் ஜன்னல் வைத்த சின்ன மரக்கூண்டு. மழைக்காலம் முழுக்க யாரும் தொடாமல் கரையோரம் கட்டிக் கிடந்ததில், கூண்டின் உத்தரத்தில் கதண்டு கூடு கட்டிவிட்டது. தண்ணீர்க் குடம் அளவுக்குத் தொங்கியது கூடு.

காலையில் துபாஷி திருவேங்கடம் குப்பத்துக்கே வந்திருந்தார். துரை பேச்சை ஊருக்கும் ஊர்ப் பேச்சைத் துரைக்கும் மாற்றிச் சொல்கிற பெரிய மனுஷர். அவர் செருப்பில் குப்பத்துச் சேறு பட்டு யாரும் பார்த்ததில்லை.

“சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள அந்தப் படகுல ஒரு பூச்சி இருக்கக் கூடாது, காசி. பல்லக்கு வரும். வந்ததும் படகு கிளம்பணும். அதைச் செஞ்சு குடு. உன் புருஷன் கப்பலேற மாட்டான்.”

“சாமி, நெசமாவா?”

“கேள்வி கேக்காதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் புருஷன் முனியன் கோட்டைக் கிடங்கில் கிடந்தான். வலையைக் கத்தியால் அறுத்த சிப்பாயைப் பிடித்துத் தள்ளினான், அவ்வளவுதான். அதற்குக் காலில் விலங்கு. கடலில் ஒல்லாந்தர் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. விடிந்தால் பாய் விரிக்கும். அப்படிக் கடல் தாண்டிப் பத்தாவித் தீவுக்கு அடிமை வேலைக்குப் போனவர்களில் ஒருத்தர்கூட இந்த ஏரிக்குத் திரும்பி வந்ததில்லை.

கதண்டை ஒழிக்க ஊருக்குத் தெரிந்தது தீப்பந்தம். இங்கே அது ஆகாது. படகுக்குப் பக்கத்திலேயே மருந்துச் சாலை, பீரங்கிக்கு வெடிமருந்து இடிக்கிற கொட்டகை. அந்தக் கரையில் சுருட்டுப் பற்றவைத்தவனையே தூணில் கட்டி அடித்திருக்கிறார்கள்.

ஈரக் கோணியைக் கூட்டின் மேல் போர்த்தப் பார்த்தார்கள். கோணி நழுவியது. தூரத்தில் நின்று சேற்றை வாரி அடித்தார்கள். ஜன்னலில் பட்டதே தவிரக் கூட்டில் படவில்லை. கடைசியாக எல்லப்பன் மூங்கில் கழியால் ஒரே குத்தில் கூட்டைத் தட்டிவிடுவதாகப் போய், முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். மதில்மேல் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு நல்ல வேடிக்கை. ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டினான்.

வெயில் சாயத் தொடங்கியது.

“அக்கா, நாம தோத்துட்டோம்” என்றான் எல்லப்பன்.

காசியம்மாள் இன்னும் ஆழத்துக்கு நகர்ந்தாள். மீன் போடும் ஓலைப் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள் அவள். கழுத்தளவு தண்ணீரில் நின்றால்தான் அவளுக்கு யோசனை ஓடும்.

“நம்ம தோணில தேளு பூந்தா இன்னா பண்ணுவோம்?”

“முழுகடிப்போம்.”

“அப்புறம்?”

“கல்ல எடுத்தா தானா மேல வரும். தண்ணிய எறைச்சிட்டுக் காய...” எல்லப்பன் பாதியில் நிறுத்தினான். ஒற்றைக் கண்ணை அகல விரித்தான். “துரைசானி படகயா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிகீது?”

“மரந்தானே அதுவும். தண்ணில முழுகின மரம் செத்தா போயிடும்? பூச்சிதான் சாவும்.”

“முழுகி மேல வந்தா ஈரமாயிருக்குமே.”

“என் சீலயால தொடைக்கறேன். கட்டவுத்து விடு.”

அவன் நீண்ட கயிறு கட்டி, கரையை ஒட்டிய மடுவுக்குப் படகை மெதுவாக இழுத்தான். ஆள் முழுகும் ஆழம் அங்கே. காசியம்மாள் பறியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீருக்குமேல் மூக்கு மட்டும் தெரிய, படகின் மூக்குப் பக்கம் போனாள். அசைவு தெரியக் கூடாது. தெரிந்தால் கதண்டு இறங்கும். கரையிலிருந்து கொண்டுவந்த கல்லை ஒவ்வொன்றாக விளிம்பில் வைத்துப் பஞ்சு மூட்டையை இறக்குவதுபோல உள்ளே இறக்கினாள். தோளில் ஒன்று கொட்டியது. பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு அடுத்த கல்லை எடுத்தாள்.

படகு சீக்கிரமே தாழ்ந்தது. எல்லப்பனின் தோணிக்கு இதுபோல இரண்டு பங்கு கல் வேண்டியிருக்கும். அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் புகுந்தது. கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடகடவென்று குமிழி விட்டபடி உள்ளே போனது. கூடு பிய்ந்து மிதந்தது. கதண்டுகள் கரும்புகைபோல எழும்பி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாழம்புதர்ப் பக்கம் பறந்தன.

“போச்சிடா” என்றாள் காசியம்மாள். தோள் எரிந்ததே அவளுக்குத் தெரியவில்லை. “மாமன் வூட்டுக்கு வரப் போறாரு. கல்ல எடு.”

இருவரும் முழுகிக் கற்களை எடுத்து வீசினார்கள். கடைசிக் கல்லும் வெளியே வந்தது. படகு வரவில்லை.

காத்திருந்தார்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கினார்கள். காசியம்மாள் அடியில் தோளைக் கொடுத்து முட்டினாள். சேற்றில் அவள் கால்தான் புதைந்தது. எல்லப்பன் மறுபடி முழுகினான். வெகுநேரம் கழித்து வந்தான். கையில் உடைத்தெடுத்த ஒரு பலகைத் துண்டு.

“அக்கா. அடிப்பலகைக்குக் கீழ ஈயம் வச்சிகீறான். பாளம் பாளமா. வரிசையா ஆணி அடிச்சி.”

“எதுக்குடா படகுல ஈயம்?”

“ஆடாம இருக்கவோ இன்னாவோ. நம்ம தோணிதான் மரம். இது பாதி ஈயம். நூறு பேரு வந்தாலும் இன்னிக்கு ஏறாது.”

கோட்டையில் சாயங்கால மணி அடித்தது.

மணல்மேட்டின்மேல் பல்லக்கு தெரிந்தது. துரைசானியின் பல்லக்கு, திரையெல்லாம் இழுத்து மூடி. பக்கத்தில் குடை பிடிக்கக்கூட ஆளில்லாமல் திருவேங்கடம் நடந்து வந்தார். கரைக்கு வந்ததும் படகைத் தேடினார். தண்ணீருக்கு மேலே கூண்டின் முகடு ஒரு சாண் தெரிந்தது. அதில் கொக்கு உட்கார்ந்திருந்தது.

அவர் திட்டுவார், அடிப்பார் என்று எல்லப்பன் தலையைக் குனிந்தான். துபாஷி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கதண்டு ஒண்ணுகூட இல்ல சாமி” என்றாள் காசியம்மாள்.

துபாஷி பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்தார். “எறக்கி வச்சிட்டு மேட்டுக்கு அந்தாண்ட போங்கடா. கூப்பிட்டா வந்தா போதும்.”

அவர்கள் போனதும் காசியம்மாள் ஓடிப்போய்ப் பல்லக்கின் முன்னால் விழுந்தாள். திரைக்குள்ளே இருக்கிற துரைசானிக்குத் தமிழ் புரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேசினாள்.

“தாயே, படக முழுகடிச்சது நானு. அந்தாளு ஒண்ணும் பண்ணல. அவர வுட்டுட்டு என்னக் கப்பல்ல ஏத்து. எத்தினி வருஷம்னாலும் ஒழைக்கறேன். அவருக்கு ஏரியத் தவர ஒண்ணும் தெரியாது தாயே. அங்கப் போனா செத்துப்போவாரு.”

திரை லேசாக அசைந்தது. உள்ளிருந்து சத்தமில்லை.

“எழுந்திரு, காசி” என்றார் திருவேங்கடம். “கப்பல் நிக்கற வரைக்கும் ஏரியில போற தோணி ஒவ்வொண்ணையும் காவல் படகு மறிச்சு, ஈட்டியால குத்திப் பார்க்குது. மறிக்காத படகு துரைசானியோட இது ஒண்ணுதான். அதான் கேட்டேன். அக்கரை வேற ராஜா சீமை. அங்க எறங்கிட்டா கோட்டைக்காரன் கை நீளாது.”

“யாரு எறங்க சாமி?”

“துரைசானி இன்னிக்கு வீட்டைவிட்டு வெளியவே வரல. பல்லக்கைக் குடுத்தா. படகைக் குடுத்தா. வாயத் தொறக்கமாட்டேன்னா. கிடங்குல ஆளைக் காணோம்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.”

கோட்டைப் பக்கம் தம்பட்டம் கேட்டது. துபாஷி எழுந்துபோய்ப் பல்லக்கின் திரையை விலக்கினார்.

துரைசானியின் வெள்ளைப் போர்வைக்குள், விலங்கு அறுத்த கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, முனியன் உட்கார்ந்திருந்தான்.