அண்ணன் மாட்டிய அலமாரி

அந்த வீட்டுச் சமையலறையில் அடுப்புப் பக்கம் வைத்த தக்காளி, மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் இருக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சுவரில் மாட்டிய எட்டடி அலமாரி ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுப் பெண்கள் பழகிவிட்டார்கள்: வாங்கி வந்ததை இந்தக் கோடியில் வைப்பது, வேண்டும்போது அந்தக் கோடியில் எடுப்பது. தெருப்பூனைகூட விஷயம் தெரிந்து ஜன்னலடியில்தான் படுக்கும். ஒரே ஒரு கடுகு டப்பா மட்டும் நாற்பது வருடமாக எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. குடும்பம் என்றால் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அலமாரியை மாட்டியவர் பெரியவர். அதனால் வீட்டில் அவருக்குச் 'சாய்வு' என்று பெயர். பட்டம் சூட்டியவர் தம்பி, அதாவது சின்னவர். அதை ஊரெல்லாம் பரப்பிய புண்ணியம் பெரியவரின் சொந்த மனைவியைச் சேரும். பெரியவர் போய் மூன்று வருடமாகிறது. பெயர் போகவில்லை.

இப்போது சின்னவரின் மனைவிக்கு ஓர் ஆசை. அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அங்கே படிந்த தூசிக்கு மூன்றாம் தலைமுறை நடந்துகொண்டிருந்தது.

"வளைவு வளைவா செதுக்கின மரப்பட்டை அக்கா, மோல்டிங்னு சொல்றாங்க. அதை அடிச்சு மூடிட்டா பார்க்கவும் லட்சணமா இருக்கும், தூசியும் அடையாது" என்றாள் ஓரகத்தியான பெரியவரின் மனைவியிடம்.

"நாப்பது வயசுக் கிச்சன். இதுக்கு இப்ப நகை போட்டு யாருக்குக் கட்டிக் கொடுக்கப் போறே?" என்றார் அண்ணி.

"போன மாசம் ஒரு முறத்தை மேல வச்சேன். இன்னும் திரும்பி வரலை."

சின்னவர் தன் மனைவியின் கட்சியில் சேர்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தக் கட்சியில் சேர்ந்தது அதுவே முதல் தடவை என்பதால் இரண்டு பெண்களும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"மோல்டிங் அடிக்கணும்னா முதல்ல மட்டம் பார்க்கணும்" என்றார் சின்னவர். "பார்த்தா, சாய்வு எவ்வளவுன்னு அளவோட தெரிஞ்சுடும். நாப்பது வருஷக் கேஸு அண்ணி. தீர்ப்பு வேண்டாமா?"

"போய்ச் சேர்ந்தவர் மேல கேஸா, தம்பி?"

"அவர் மேல இல்ல. அலமாரி மேல."

அவர் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அந்த வீட்டைக் கட்டியது கொத்தனாரான அவர்கள் அப்பா. அடுப்புப் பக்கச் சுவரை அண்ணன் எழுப்பினார். ஜன்னல் பக்கச் சுவரை, மருந்துக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சின்னவர் லீவு போட்டுவிட்டு வந்து எழுப்பினார். ஆயுளில் அவர் கையால் உருவானது அந்த ஒரு சுவர்தான். வருகிறவர்களையெல்லாம் அதன்முன் நிறுத்தி, "இந்த வீட்டுல பழுதில்லாதது இது ஒண்ணுதான்" என்பார். வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அண்ணனின் அலமாரி கோணல், தம்பியின் சுவர் நேர்: இதை ஒருவர் அளந்து சொல்லிவிட்டால் மனிதர் நிம்மதியாக இருப்பார்.

அப்பா இருந்தவரை அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சுவர் மட்டம் தப்பினால், கட்டியவனே நாலு பேர் பார்க்க அதை இடிக்க வேண்டும். பதினாறு வயதில் அண்ணன் அப்படி ஒரு சுவரை இடித்துவிட்டு, மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சமையலறை முடிந்தபோதும் அப்பா சோதனைக்கு வந்தார். ஸ்டூலில் ஏறி, அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே இந்தக் கோடியில் விரல்களை நுழைத்தார், அந்தக் கோடியிலும் நுழைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. "கூரை சரி, சுவரும் சரி" என்றார். ஒரு வாரம் கழித்துப் பாத்திரங்கள் உருண்டபோது, "பெரியவனுக்கு அலமாரி மாட்டத் தெரியலை" என்று முடித்துவிட்டார். அலமாரியை இடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

தச்சர் காலை பத்து மணிக்கு வந்தார். காதில் பென்சில், தோளில் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப். சின்னவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். தச்சர் இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு போட்டார். அலமாரியை அளந்தார், கூரையை அளந்தார். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து ஜாடிகளை ஒதுக்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே தலையை விட்டார். பின்பலகை இல்லாத பழைய அலமாரி. உள்ளே சுவர் அப்படியே தெரியும்.

தலையை வெளியே எடுத்து, "இதை மாட்டினது யாருங்க?" என்றார்.

"எங்க அண்ணன். எவ்வளவு கோணல்? சத்தமாச் சொல்லுங்க, ஹால்ல கேக்கணும்."

தச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, கோணல் அலமாரியில இல்ல. இந்த ஜன்னல் பக்கச் சுவர் ஒன்றரை இஞ்சு குட்டை. கூரையே இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. அதே அளவுக்கு அலமாரியையும் இறக்கி மாட்டியிருக்காங்க. அதான் மேல இடைவெளி சரிசமமா நிக்குது."

"கை தவறி அப்படி வந்திருக்கும்."

"கை தவறினா ஒரு தடவைதான் ஓட்டை போடுவாங்க. இங்க ரெண்டு வரிசை இருக்கு பாருங்க. முதல் வரிசை அட்சர சுத்தமா மட்டம். அதுல மாட்டி, அப்புறம் கழட்டி, பழைய ஓட்டையை மரக்கட்டை வச்சு அடைச்சுட்டு, வேணும்னே சாச்சு மாட்டியிருக்காங்க. நேரா மாட்ட எவனாலயும் முடியும். இப்படிச் சாய்க்கத் தொழில் தெரியணும்."

சின்னவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அண்ணன் தனியாக அலமாரியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாயில் நாலு திருகாணி. வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி இவர், "ஒரு தடவையில மாட்டத் தெரியாதா?" என்று கேட்டார். திருகாணியை எடுக்காமலே அண்ணன் சிரித்தார். மறுநாள்தான் அப்பா சோதனை போட வந்தது.

சின்னவர் சுவரைப் பார்த்தார். அது இத்தனை வருடமும் எப்படி நின்றதோ அப்படியே வெட்கமில்லாமல் நின்றது.

"வீட்டம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றார் தச்சர். "பட்டையை அடிச்சுட்டா எல்லாம் மூடிக்கும். எனக்கும் வேலை சுலபம்."

யோசிக்க வேண்டிய இடம்தான். பட்டையும் அழகாக இருக்கும், சுவரின் புகழும் நிற்கும், போனவர் வந்து கேட்கப்போவதில்லை. சின்னவர் யோசித்தார். ஒரு தக்காளி உருள்கிற நேரம்.

பிறகு ஹாலுக்குப் போய் அண்ணியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணி, கேஸு தோத்துப்போச்சு" என்று தொடங்கி, ஒன்றரை இஞ்சையும் ஓட்டைகளையும் வேர்க்கடலையையும் வரிசையாகச் சொன்னார். வேர்க்கடலையை விட்டிருக்கலாம். விடவில்லை.



"பிள்ளைங்க முன்னாடி வச்சு நானும்ல அவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்" என்றார் அண்ணி. "'சாய்வு, சாப்பிட வாங்க'ன்னு கூப்பிடுவேன். வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவாரே. ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, கல்லுளிமங்கன்."

"சொல்லியிருந்தா நீங்க அப்பாகிட்ட சொல்லியிருப்பீங்க."

"அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க சுவரை இடிக்கிறதை நாற்காலி போட்டுப் பார்த்திருப்பேன்."

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். இளையவள் பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரித் தலைக்கு மேல் கோடு கிழித்தாற்போல் ஒரே அளவில் ஓடிய அந்த இருட்டு இடைவெளியை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அக்கா, நான் இனிமே வாரா வாரம் துடைச்சுடறேன்" என்றாள் இளையவள். மோல்டிங் விஷயம் அதோடு தீர்ந்தது.

தச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அலமாரியையாவது நேராக்கிடட்டுமா? ஒரு மணி நேர வேலை."

"தொடாதே" என்றார்கள் மூன்று பேரும்.

அவர் டியூபைச் சுருட்டத் தொடங்கியபோது அண்ணி தடுத்தார். "இருப்பா, சாப்பிட்டுட்டுப் போகலாம். தொழில் தெரிஞ்சவர்னு ஏதோ சொன்னியாமே, அதை முதல்லேருந்து சொல்லு."

தச்சர் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவையில் சுவர் மூன்று இஞ்சு குட்டையாகிவிட்டது. சின்னவர் அதைத் திருத்தவில்லை.